போலந்து அண்ணை கேட்ட கடிதம்

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் நான் சந்தித்த எங்கள் ஆட்களில், ஊரில் சாதாரணமாக இருந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. இங்கே பாத்திரம் கழுவுகிறவர் அங்கே அதிபர். இங்கே பெற்றோல் அடிக்கிறவர் அங்கே பொறியியலாளர். கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனி நிறுத்துக் கொடுத்த நானே விமானத்தால் இறங்கியதும் 'முகாமையாளர்' ஆகிவிட்டேன். ஒருவரையும் ஒருவர் நம்புவதில்லை. ஆனாலும் நாளைக்கு என் புளுகுக்கு அவன் தலையாட்ட வேண்டுமே என்பதற்காக இன்றைக்கு அவன் புளுகுக்கு நான் தலையாட்டுவேன். அதனால்தான், ஸ்காபரோ பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று வாளிகளுக்கு மூடி அடித்த வெள்ளைக்காரர், தான் போலந்தில் முதற்பிரிவில் விளையாடிய உதைபந்தாட்டக்காரர் என்று சொன்னபோதும் வழக்கம்போலத் தலையாட்டினேன். 'ஓம் ஓம், நானும்தான்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வளைந்த கால்கள். இடது முழங்காலில் பெரிய தையல் வடு. தொழிற்சாலையில் பாதிப்பேர் தமிழர் என்பதால் அவருக்குப் 'போலந்து அண்ணை' என்று பெயர் விழுந்தது. பதிலுக்கு அவர் எங்களிடமிருந்து 'தம்பி' என்ற ஒரு சொல்லைப் பொறுக்கி எடுத்து, வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரையும் அப்படியே கூப்பிட்டார். மற்றபடி நாங்கள் பேசியது இங்கிலிஷ்தான். அதை அப்படியே எழுதினால் இரண்டு பேருடைய மானமும் போகும் என்பதால், அவர் சொன்னதை எல்லாம் என்னுடைய தமிழிலேயே எழுதுகிறேன்.

அவர் கதையை நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய கடதாசிகளில் 'நிலக்கரிச் சுரங்க மின்னியலாளர்' என்றுதான் இருந்தது. அந்தக் கடதாசியைப் பார்த்து எங்கள் தொழிற்சாலை அவரை மின்சாரப் பகுதிக்குத்தான் முதலில் எடுத்தது. இரண்டாம் நாளே ஒரு பகுதி முழுக்க இருளாகிவிட்டது. மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டு அவரை வாளி மூடிக்கு அனுப்பினார். பல்ப் மாற்றத் தெரியாத மின்னியலாளர் உதைபந்தாட்டக்காரனாக மட்டும் எப்படி இருப்பான் என்பது என்னுடைய கேள்வி.

ஒருநாள் மத்தியானம் சாமான் ஏற்றும் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பொதி ஒட்டும் பிளாஸ்ரிக் ரேப்பைப் பந்தாகச் சுருட்டி வைத்திருந்த ஒருவன் அதை விளையாட்டாக இவர் பக்கம் ஓங்கி உதைத்தான். இவர் எழும்பவில்லை. இரும்பு முனை வைத்த சப்பாத்துக் காலை நீட்டினார், பந்து அதிலேயே செத்து நின்றது. பிறகு எழும்பி, கையில் சான்ட்விச்சோடு, முற்றத்தின் மறு மூலையில் கிடந்த வெறும் வாளியைப் பார்த்து இடது காலால் ஒரு தட்டுத் தட்டினார். பந்து வாளிக்குள் விழுந்தது. அவர் மிச்சச் சான்ட்விச்சைச் சாப்பிட்டார்.

"அண்ணை, நீங்கள் உண்மையாவே விளையாடினனீங்களோ?" என்று கேட்டேன்.

"சொன்னனான்தானே. நீ தலையாட்டினாயே."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அன்றைக்குத்தான் சுரங்கக் கதையைச் சொன்னார். அவர்களுடைய நாட்டில் அப்போது சம்பளத்துக்குப் பந்தடிக்கிறவன் என்று ஒருவன் இருக்கக்கூடாதாம். எல்லோரும் தொழிலாளிகள், பந்து ஓய்வுநேர மகிழ்ச்சி. அதனால் சுரங்கத்துக்குச் சொந்தமான கிளப்பில் ஆடியவர்கள் எல்லோரையும் சுரங்கத் தொழிலாளியாகப் பதிந்து வைத்திருந்தார்கள். இவர் மின்னியலாளர், கோல்கீப்பர் குழி தோண்டுகிறவர், நடுவில் ஆடியவர் வெடிமருந்துக்காரர். மாதம் ஒருமுறை தலை சீவிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குவது ஒன்றுதான் சுரங்கத்துக்கும் இவர்களுக்கும் இருந்த உறவு. பதினேழு வயதில் சேர்ந்தவர் முப்பத்திரண்டு வயதில் முழங்கால் போகும்வரை இடது பின்வரிசையில் ஆடினார். ஒரேயொரு தடவை தேசிய அணிக்குக் கூப்பிட்டார்கள். போனார். குளிருக்குக் கோட் போட்டுக்கொண்டு மைதான ஓரத்து வாங்கில் இருந்தார். ஆட்டம் முடிந்தது, கோட்டோடு வீட்டுக்கு வந்தார்.

"கழட்டச் சொல்லுவாங்கள் எண்டு மேல் பொத்தானைக் கழட்டி வைச்சிருந்தனான்," என்றார்.

கால் போன பிறகு அதே கிளப்பில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். அதுதான் தனக்கு ஆடுவதைவிடப் பிடித்த வேலை என்றார். ஆட்சி மாறியது. சுரங்கம் நட்டத்தில் போனது. கிளப்புக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லை. மனைவியின் தமையன் ரொறன்ரோவில் இருந்ததால் இங்கே வந்து சேர்ந்தார். இப்போது நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஐரோப்பியர்கள் நடத்தும் ஒரு கிளப்பில் பயிற்றுவிப்பாளர் வேலை ஒன்று இலையுதிர் காலத்தில் வரப்போகிறது. முழுநேரச் சம்பளம். பழைய பத்திரிகைத் துண்டுகளைக் கட்டாகக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவர்கள் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் அங்கே செய்தது. இங்கே ஒரு அணிக்கு ஒரு சீசனாவது பயிற்சி கொடுத்தாய் என்று யாராவது கடிதம் தந்தால் கொண்டு வா" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ஒரு கடிதம், தம்பி. ஒரேயொரு கடிதம் இருந்தா நான் இந்த மூடியளைப் பிறகு பாக்கத் தேவையில்லை."

எனக்கு அப்போது ஒரு பதவி இருந்தது. எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் நான். சங்கத்துக்கு ஓர் உதைபந்தாட்ட அணியும் இருந்தது. வருடா வருடம் கோடையில் ஊர்ச் சங்கங்கள் மோதும் சுற்றுப்போட்டிக்குப் போய், முதல் ஆட்டத்திலேயே தோற்று, மிச்ச நாள் முழுவதும் மர நிழலில் ஆட்டிறைச்சி வாட்டிச் சாப்பிட்டுவிட்டு வரும் அணி. இவரை விட்டால் இப்படி ஓர் ஆள் கிடைக்குமா? எனக்குச் சிறகு முளைத்துவிட்டது.

மல்வேர்னில் தலைவருடைய வீட்டு நிலவறையில் ஞாயிற்றுக்கிழமை கமிற்றி கூடியது. தலைவருக்கு ஐம்பத்தாறு வயது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். நான் விசயத்தைச் சொன்னேன்.  பொருளாளர் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு கேட்டார்:

"ஆள் சரி. உவருக்குக் கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கோ?"

நான் சிரித்துவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நிலவறையில் இருந்த ஒன்பது பேரும் அந்த இரண்டு சொல்லால் வருடக்கணக்காக அடிவாங்கியவர்கள். பொருளாளர் ஊரில் உண்மையாகவே கணக்காளர், இங்கே கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் இல்லையென்று டோனற் சுட்டுக்கொண்டிருந்தார். தனக்கு விழுந்த அடியைக் கொடுக்கத் தனக்குக் கீழே ஓர் ஆள் கிடைத்த சந்தோசம் மனிதனுடைய முகத்தில் அப்படியே தெரிந்தது.

"பேப்பரிலை கரண்ட்காரன் எண்டெல்லோ கிடக்காம்?" என்றார் இன்னொருவர். "நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தா?"

"சம்பளம் கேக்கேல்லை. சீசன் முடிய ஒரு கடிதம் மட்டும்தான் கேக்கிறார்," என்றேன்.

இலவசம் என்றதும் தலைவர் நிமிர்ந்தார். "ஐசே, ஒரு கடிதம்தானே? எங்கடை லெற்றர்ஹெட்டிலை அடிச்சு, சீல் குத்தி, சும்மா ஜாம் ஜாம் எண்டு குடுப்பம். வரச் சொல்லும்."

எங்கள் ஊர் அணியைத் தெரிவு செய்கிற முறை உலகத்தில் வேறெங்கும் இருக்காது. கமிற்றி இருந்து வாக்கெடுத்துத் தெரிவு செய்யும். வடக்குக் குறிச்சிக்கு மூன்று பேர், தெற்குக்கு மூன்று பேர், கோயிலடிக்கு இரண்டு, சந்தையடிக்கு இரண்டு. மிச்சம் ஒருவர் நிரந்தரம். அவர்தான் அணித்தலைவர், முன்வரிசை நடு ஆட்டக்காரர், தலைவருடைய மனைவியின் தம்பி. வயது முப்பத்தொன்பது. பள்ளிக்கூடக் காலத்தில் தலையால் இடித்து ஒரு கோல் போட்டவர். அந்தக் கோலை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் பந்து இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து வரும்.

முதல் சனிக்கிழமைப் பயிற்சியில் போலந்து அண்ணை எல்லோரையும் ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அந்த வயிறு வைச்ச தம்பி எந்த இடத்திலை ஆடுறவர்?"

"அவர் தலைவரின்ரை மச்சான், அண்ணை."

"அது விளங்குது. எந்த இடத்திலை ஆடுறவர்?"

"அதுதான் அண்ணை அவற்றை இடம்."

அவருக்கு விளங்கிவிட்டது. தங்கள் கிளப்பிலும் கட்சிச் செயலாளருடைய மருமகன் ஒருவன் இருந்தானாம். அவனைப் பந்தில் கால்வைக்க விடாமல், அணிக்கு முன்னால் கொடி பிடிக்க விட்டார்களாம். "உங்களிட்டைக் கொடி இருக்கோ?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

குறிச்சிக் கணக்கை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சந்தையடியிலிருந்து ஐந்து பேரை எடுத்தார், வடக்கில் ஒருவனை. கமிற்றிக்குள் புகைந்தது. ஆனால் பெடியள் அவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். இரண்டு வேலை செய்து களைத்து வருகிறவர்கள் சனிக்கிழமை எட்டு மணிக்கு மைதானத்தில் நின்றார்கள். ஒருவனுடைய காலைத் தன் கையால் பிடித்து, பந்தில் எந்த இடத்தில் பட வேண்டும் என்று புல்லில் முழந்தாளிட்டுக் காட்டுவார். அந்த நேரத்தில் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் நான் ஒருநாளும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

சுற்றுப்போட்டி வந்தது. முதல் ஆட்டம் வென்றோம். ஆட்டிறைச்சி வாட்ட வந்தவர்கள் அகப்பையோடு ஓடிவந்து பார்த்தார்கள். அரையிறுதியும் வென்றோம். மச்சான் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாங்கில் இருந்தார். அவர் விட்பியில் புதுவீடு வாங்கியிருந்த காலம், அந்தத் தெரு முழுவதையும் தன் ஆட்டம் பார்க்கக் கூட்டிவந்திருந்தார். இறுதி ஆட்டம் அயலூரோடு. இடைவேளைவரை கோல் இல்லை. தலைவர் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினார்.

"மச்சானை இறக்கச் சொல்லும்," என்றார் என்னிடம். "சனம் பாத்துக்கொண்டிருக்கு."

நான் மொழிபெயர்த்தேன். போலந்து அண்ணை மச்சானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலைவருடைய தோளில் கைவைத்து, பெடியளிடம் பொறுக்கிய முழுத் தமிழில், ஊரே கேட்கும்படி சொன்னார்: "தம்பி, நீ போ. இரு."

பின்னால் தலைவருடைய மனைவி, சம்பந்தி வீட்டார், விட்பித் தெரு எல்லாம் நின்றது. யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். தலைவர் போய் இருந்தார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சந்தையடிப் பெடியன் ஒருவன் இடது காலால் கோல் போட்டான். வென்றுவிட்டோம். நான் கத்திய கத்தில் இரண்டு நாள் குரல் இல்லை. தோற்றிருந்தால் அவரை மன்னித்திருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. மச்சான் இல்லாமல் வென்றதை எப்படி மன்னிப்பது? கோப்பையைத் தலைவர் வாங்கினார், மச்சான் தூக்கினார், படம் எடுத்தார்கள். போலந்து அண்ணையைப் பெடியள் இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார்கள்.

அடுத்த கமிற்றியில் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன்.

"என்ன கடிதம்?" என்றார் தலைவர்.

"நீங்கள் சொன்ன..."

"ஐசே, விளையாட்டு வேறை, மரியாதை வேறை. உவருக்கு ஆக்களோடை பழகத் தெரியாது. நாளைக்கு அங்கை போய் ஆரையும் 'போ, இரு' எண்டா சங்கத்தின்ரை பேரல்லோ கெடும்? பாப்பம். அவசரமில்லை, ஆறுதலாப் பாப்பம்."

லெற்றர்ஹெட்டும் சீலும் என்னுடைய வீட்டில், சட்டைகள் வைக்கும் லாச்சியில் இருந்தன. பத்து நிமிட வேலை. நான் எழுதியிருக்கலாம். தலைவருக்குத் தெரியவே போவதில்லை. தெரிந்தால்தான் என்ன, தலையைச் சீவிவிடுவாரா? ஆனால் என் தங்கச்சிக்கு அப்போது தலைவர் மூலமாக ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை தலைவருடைய பக்கத்துச் சொந்தம், யூனியன்வில்லில் வீடு. நான் லாச்சியைத் திறப்பேன், மூடுவேன். (அந்தச் சம்பந்தமும் சரிவரவில்லை. தலைவர் அதையும் ஆறுதலாகத்தான் பார்த்தார்.)

ஒவ்வொரு திங்கட்கிழமையும் போலந்து அண்ணை வாளி மூடியோடு நின்று கேட்பார். "கடிதம்?"

"கமிற்றியிலை கதைச்சுக்கொண்டிருக்கிறம், அண்ணை."

"நல்லது, நல்லது," என்பார். கமிற்றி என்றால் என்னவென்று தெரிந்த நாட்டிலிருந்து வந்தவர், பாவம்.

புரட்டாதியில் சங்கத்தின் ஆண்டு மலர் வந்தது. வெற்றிபெற்ற அணியின் வர்ணப்படம் முழுப் பக்கத்தில். படத்துக்குக் கீழே விபரம் எழுதியது நான், சொல்லிக் கொடுத்தது தலைவர். 'பயிற்றுவிப்பாளர்' என்ற இடத்தில் மச்சானுடைய பெயரைப் போடச் சொன்னார். போலந்து அண்ணைக்கு என்ன போட என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "நலன்விரும்பி எண்டு போடும்," என்றார். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தந்தவர்களுக்கும் அதே பட்டம்தான் போட்டிருந்தோம். வெட்கம்கெட்ட நான் அதையும் எழுதினேன், எழுத்துப்பிழை இல்லாமல்.

மலரைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன் என்று இன்றும் தெரியவில்லை, படத்தைப் பார்த்தாவது சந்தோசப்படட்டும் என்று நினைத்திருப்பேன். பார்த்தார். நடுவில் தான் நிற்பதைப் பார்த்துப் பல் முழுக்கத் தெரியச் சிரித்தார். கீழே விரலை வைத்தார்.

"இதிலை என்ரை பேர் எது?"

காட்டினேன்.

"பக்கத்திலை என்ன எழுதியிருக்கு?"

எனக்கு நாக்கு ஒருகணமும் தடுமாறவில்லை. அதுதான் கேவலம். "கோச்," என்றேன்.

"அச்சிலை?"

"ஓம் அண்ணை, அச்சிலை."

"கடிதத்தை விட இது பெரிசு," என்றார். "கடிதம் ஒருத்தன் எழுதுறது. இது ஒரு ஊரே எழுதினது. இன்னும் இரண்டு தருவியோ?"

மூன்று கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்கு அதைத்தான் கொண்டுபோகப்போவதாகச் சொன்னார், அதற்கு லீவும் போட்டிருந்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஐரோப்பியர்களுக்குள் தமிழ் வாசிக்க எவன் இருக்கப்போகிறான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அந்தக் காலத்து ரொறன்ரோவில் எந்தக் குசினிக் கதவைத் திறந்தாலும் எங்கள் ஆள் ஒருவன் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்பான் என்பது எனக்குத் தெரியாதா? நான் வந்த முதல் வருடம் அப்படி நின்றவன்தானே? வசதியாக மறந்துபோனேன்.

திங்கட்கிழமை அவர் நேரத்துக்கே வந்தார். தேநீர் இடைவேளை வரை மூடி அடித்தார். மெசின் நின்றதும் சட்டைப்பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து, கவிழ்த்து வைத்த வாளியின்மேல் விரித்தார்.

"வாசி," என்றார்.

வாசித்தேன். தலைவர், போசகர், பொருளாளர், செயலாளராகிய நான், அணித்தலைவரும் பயிற்றுவிப்பாளருமான மச்சான். அவருடைய விரல் ஒவ்வொரு பெயராக நகர்ந்துகொண்டு வந்தது. கடைசியில் தன் பெயரில் நின்றது. நான் அந்தச் சொல்லை வாசித்து, அதன் பொருளை இங்கிலிஷில் சொன்னேன். 

"சரி," என்றார். "அவனும் அப்பிடித்தான் சொன்னவன்."

அந்தக் கிளப்பில் அவர்களுக்கு அந்தப் பக்கம் நன்றாகப் பிடித்துவிட்டதாம். தங்கள் குசினியிலும் இந்த மொழி பேசுகிற ஆள் ஒருவர் இருக்கிறார், அவரும் பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று கூப்பிட்டார்களாம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஆசையாக, ஒவ்வொரு பெயராக உரத்து வாசித்தாராம். இவருடைய பெயர் வந்ததும் பக்கத்திலிருந்த சொல்லையும் வாசித்து இங்கிலிஷில் சொல்லிவிட்டு, மேசையைச் சுற்றி இருந்தவர்களின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஏதோ விளங்கியதாம். மேசையில் ஒருவரும் கோபப்படவில்லை. நன்றி, அறிவிப்போம் என்று கைகொடுத்தார்களாம்.

"நான் பஸ்ஸுக்கு நிண்டனான். அந்தக் குசினி ஆள் ஏப்ரனோடை ஓடி வந்தான். மூச்சு வாங்க என்ரை கையைப் பிடிச்சு, 'சொறி, சொறி' எண்டு சொன்னான். ஏன் எண்டு கேட்டன். 'எங்கடை ஆக்கள் செய்ததுக்கு' எண்டான்." அவர் பக்கத்தை மடித்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். "அவனுக்கு என்னை ஆரெண்டே தெரியாது, தம்பி. அவன் மன்னிப்புக் கேட்டான். நீ இவ்வளவு நேரமா எனக்கு முன்னாலை நிக்கிறாய். நீ ஏன் கேக்கேல்லை?"

மணி அடித்தது. மெசின் ஓடத் தொடங்கியது. பதில் சொல்லாமல் தப்ப எனக்குப் போதுமான சாட்டு அது. குனிந்து மூடி எடுத்தேன்.